அப்பாவின் தொண்டையை யார் பார்ப்பது

அப்பா புளி மண்டியில் ஏலம் கூறுபவர். பாப்பாரப்பட்டியில் சீசன் வந்துவிட்டால் காலையிலேயே புளி குவியல் குவியலாகக் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போவார். மைக் கிடையாது, தொண்டைதான். அன்றைக்கு ஒரு குவியலுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டார். வேண்டுமென்றே நிறுத்துகிறார், ஆசை காட்டுகிறார் என்று வாங்க வந்தவர்கள் நினைத்தார்கள். "என்னா மாதையா, வாய் வலிக்குதா? மேல கூறு" என்று ஒருவர் கேலி செய்தாராம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, எச்சில் சட்டையில் வடிந்தபிறகுதான் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோவது) என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இடது கை, இடது கால் அசையவில்லை. பேச்சுக்கான இடம் இடது பக்க மூளை, அடைப்பு வலது பக்கம் என்பதால் பேச்சு திரும்பி வந்துவிடும் என்றார்கள். அது உண்மைதான். பேச்சு திரும்பி வந்தது. எங்கள் கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் கோகிலா. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தையல் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லை. பக்கவாதம் வந்த ஒருவரைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, "வாய் வழியா ஏதாவது குடுக்கலாமா?" என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இப்போதும் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு இடத்தில்தான் இப்படி என்று மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

சேர்த்த அன்றே மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். கஞ்சி, பால், மாத்திரைத் தூள் எல்லாம் அதில்தான். அப்பாவுக்கு அந்தக் குழாய் மீது தீராத கோபம். வலது கையால் பிடுங்கப் பார்ப்பார். அம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

பிறகு ரேவதி மேடம் வந்தார். ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்). விழுங்குவதற்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. என் சித்தப்பா கோவிந்தன், அப்பாவின் தம்பி, என் காதில் சொன்னார்: "பேச்சு சொல்லித்தர்ற பொண்ணு. நம்ம அண்ணனுக்குப் பேச்சு சொல்லித்தர ஒருத்தி பொறந்து வரணும்."

மேடம் பேச்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார். இருமச் சொன்னார். கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொன்னார். கடைசியில் ஒரு சின்ன ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். அப்பா விழுங்கினார். இருமவில்லை. எங்களுக்குச் சந்தோஷம். மேடம் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"ஐயா, 'ஆ'ன்னு நீளமா சொல்லுங்க."

அப்பா சொன்னார். மேடம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கேட்டீங்களா? தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இல்ல? இதுக்கு ஈரக் குரல்னு சொல்லுவோம். குடிச்ச தண்ணி வயித்துக்குப் போகாம குரல் நாண் மேல நிக்குது. அங்க இருந்து நுரையீரலுக்குள்ள இறங்குதோன்னு சந்தேகமா இருக்கு."

"இருமலே வரலியே மேடம்" என்றேன்.

"அதான் பயம். உள்ள போனா இருமணும். இவருக்கு உள்ள போறதே தெரியல போல."

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சத்தமில்லாத புரையேற்றம் (இருமலே வராமல் தண்ணீரும் சோறும் மூச்சுக்குழாயில் இறங்குவது). வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, அது உள்ளே இருக்கும்போதே தண்ணீரும் கூழும் குடிக்க வைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை குழாயை எடுக்க வேண்டாம் என்றார். குழாயில் கொடுக்கும்போது எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது, வாயைத் துணியால் எப்படித் துடைப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்குக் கோபம். "வாயி, பேச்சுன்னு வந்தவ சோத்துல கை வைக்கிறாளே."

அடுத்த சில நாட்களில் அப்பாவின் பேச்சு தெளிந்தது. முதலில் குழறியது, பிறகு சொற்கள் பிரிந்தன, பிறகு பழைய குரலே வந்துவிட்டது. ஒரு காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் சின்ன டாக்டர்கள். "என்ன தொழில்?" என்று கேட்டார். ஏலம் கூறுபவர் என்று அம்மா சொன்னாள். "எங்க, ஒரு ஏலம் விடுங்க பாப்போம்."

அப்பா தலையணையில் சாய்ந்தபடியே ஆரம்பித்தார். "கொட்டை எடுத்த புளி சாமீ, கையில எடுத்துப் பாருங்க, நாரு இல்ல, தூசி இல்ல, ஆரு கேக்குறது, ஆரு கேக்குறது…" வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கட்டிலில் கால் உடைந்து கிடந்த ஆள் "நான் கேக்குறன்" என்று கையைத் தூக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"இந்தத் தொண்டையில கோளாறுன்னா என் தொண்டைய எங்க போய்க் காட்டுறது?" என்றார் பெரிய டாக்டர். அவரே ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. "ட்யூபை எடுத்துடலாம். ஈ.என்.டி. (காது மூக்கு தொண்டை) ஒருதரம் பாத்து ஓகே சொல்லிட்டா முடிஞ்சுது."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "களி முழுங்குற தொண்டை பாப்பா இது. தண்ணி எந்த மூலைக்கு?"

எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்லுவதில்லை. உருண்டையைப் பிய்த்துக் குழம்பில் தொட்டு அப்படியே விழுங்குவோம். மென்று தின்பவரைக் கிண்டல் செய்வோம். களியை விழுங்கத் தெரிந்தவருக்கு விழுங்குவதில் கோளாறு வரும் என்று எங்கள் வீட்டில் யாராலும் நினைக்க முடியவில்லை. அந்த மாதிரி குரல் வந்தபிறகும் தொண்டை கெட்டிருக்கும் என்று அந்தப் பெரிய டாக்டராலும் நினைக்க முடியவில்லை. எங்களுக்குக் களி, அவருக்கு ஏலம். நாங்கள் படிக்காதவர்கள். அவருக்கு என்ன?

குரல் வேறு, விழுங்குவது வேறு. இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். குரல் வர நாண்கள் அதிர்ந்தால் போதும். விழுங்குவதற்கு மூச்சுக்குழாயின் வாய் சரியான நேரத்தில் மூட வேண்டும், தப்பி ஏதாவது உள்ளே போனால் அதை உணரவும் வேண்டும். அப்பாவுக்கு அந்த உணர்ச்சிதான் போயிருந்தது. வெளியே எல்லாம் நன்றாக இருந்தது.

ரேவதி மேடமே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அப்பாவை ஈ.என்.டி. பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூடவே ஒரு டம்ளரில், கேமராவில் தெரிவதற்காக நீலச் சாயம் கலந்த தண்ணீரும், கிண்ணத்தில் கூழும் எடுத்து வந்தார். உள்ளே இருந்த டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"சார், விழுங்குறத கேமராவுல பாக்கணும். நான் படிச்ச இடத்துல நாங்களே பண்ணுவோம். இங்க நீங்க பக்கத்துல இருந்தா நான்…"

"அது இங்க நடக்காது. கேமரா விடுறது டாக்டர் வேலை. உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ரத்தம் வந்தா யார் பதில் சொல்றது?"

"அப்போ நீங்களே விடுங்க சார். நான் குடிக்கக் குடுக்குறேன், ரெண்டு பேரும் பாக்கலாம்."

"என்ன தெரியுதுன்னு சொல்றதும் டாக்டர் வேலைதான். நீங்க பேச்சப் பாருங்க மேடம்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, "ரெண்டு பேரும் ஒரே குவியலுக்குக் கேக்குறாங்க பாப்பா. வெல ஏறும்" என்றார். மேடமும் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார்.

நாளைக்கு அவர் ஆபரேஷனில் இருந்தார். அதற்கடுத்த நாள் லீவு. அப்புறம் ஒருநாள் கேமராவைக் கழுவக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குச் சட்டை மாட்டி, நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, வராந்தாவில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்போம். குழாய் உரசி மூக்கு புண்ணாகிவிட்டது. "எடுக்கச் சொல்லு பாப்பா, உனக்குக் கோயில் கட்டறன்" என்று கெஞ்ச ஆரம்பித்தார். ஏலத்தில் ஒரு நாளும் யாரிடமும் கெஞ்சாதவர்.

கடைசியில் ஒருநாள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ரேவதி மேடத்தை உள்ளே விடவில்லை. நான் மட்டும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. "கட்டி இல்ல, புண்ணு இல்ல, நாண் ரெண்டும் நல்லா அசையுது. தொண்டை நார்மல்" என்றார் டாக்டர்.

வெளியே மேடம் நின்றுகொண்டிருந்தார். "குடிக்க ஏதாவது குடுத்துப் பாத்தாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லீங்க மேடம். சும்மா பாத்தாங்க."

மேடம் கதவைப் பார்த்தார். உள்ளே போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

அவர்கள் பார்த்தது தொண்டையை. விழுங்குவதைப் பார்க்கவில்லை. கதவு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது சரியான நேரத்தில் மூடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். அதற்கு முன்னால் படிக்கட்டுப் பக்கம் ரேவதி மேடத்தைப் பிடித்தேன். எனக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. நேராகவே கேட்டேன்.

"மேடம், ஊட்டலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் செய்வன்."

அவர் சுற்றிப் பார்த்தார். "கோகிலா, நான் இதுல கருத்து சொல்லக்கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட கேளுங்க."

"உங்களுக்கு என்னா தோணுது மேடம்? அதச் சொல்லுங்க போதும்."

"நிமிர்த்தி உட்கார வச்சுக் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுங்க." அவ்வளவுதான் சொன்னார். படியில் இறங்கிப் போய்விட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

நான்தான் ஊட்டினேன். முதல் வாய், ரசம் விட்டுக் குழைத்த சோறு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கண்ணோரம் தண்ணீர் வந்தது. "உப்பு கம்மி" என்றார். அம்மா ஓடிப்போய் உப்பு வாங்கி வந்தாள். நான் ஊட்டியதற்கு நான் தப்பு செய்தேன் என்று இங்கே எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால், எழுத மாட்டேன். ஊரில் சிலர் அப்படிப் பேசினார்கள். மூன்று பேர் படித்துவிட்டு வந்து நின்ற இடத்தில், ஒன்பதாவதோடு நின்ற நான் மட்டும் ஏன் தலை குனிய வேண்டும்?

வீட்டுக்கு வந்தோம். பார்க்க வந்தவர்கள் சும்மா வரவில்லை. இண்டூரிலிருந்து அத்தை இளநீர் கொண்டு வந்தாள். மண்டிக்காரர்கள் பன்னும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள். எல்லாரும் தங்கள் கையால் ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். வந்தவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கம் பெரிய அவமரியாதை. அப்பா எல்லாருக்கும் வாயைத் திறந்தார். இருமவே இல்லை. "பாத்தியா, சிங்கம் மாதிரி முழுங்குறான்" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆனால் லேசாக உடம்பு சுட்டது. காலையில் சரியாகிவிடும். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். எடை குறைந்தது. சாப்பிட்டு முடித்ததும் பேசினால் குரலில் ஒரு கொளகொளப்பு. எனக்கு மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நல்லா சாப்புடுற மனுசன் மேல ஏண்டி கண்ணு வைக்கிற?" என்றாள்.

பிறகு ஒரு காலையில் அப்பாவால் ஒரு வாக்கியம் முடிக்க முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினார். உதடு கறுத்துப்போனது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் பாதி வெள்ளையாக இருந்தது. ஆஸ்பிரேஷன் நிமோனியா (சாப்பாடும் தண்ணீரும் எச்சிலும் நுரையீரலில் இறங்கி, அங்கே கிருமி பெருகிச் சளி கட்டுவது). தீவிர சிகிச்சையில் வைத்து வாய் வழியாகச் செயற்கை மூச்சுக்குழாய் போட்டார்கள். அதன்பிறகு நான் அப்பாவின் குரலைக் கேட்கவில்லை.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை மாட்டினார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. பெரிய டாக்டர் அதையே சொன்னார். ஈ.என்.டி. டாக்டரும் அதையே சொன்னார். இப்போது எல்லாருக்கும் ஒரே கருத்து. யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை.

சித்தப்பா மட்டும் நர்ஸிடம் அழுதார். "ஒரு சொட்டு தண்ணியாவது நாக்குல தடவுறம்மா." நர்ஸ் பஞ்சை நனைத்துப் பிழிந்துவிட்டு, உதட்டை மட்டும் துடைக்கச் சொன்னார்.

ஒரு மத்தியான நேரம் அப்பா இறந்தார்.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது சொந்தக்காரர்கள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். முதலில் அத்தை குனிந்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். "வாயில போடாதீங்க, உள்ள போயிரும்" என்று கத்தினேன். எனக்குத் தெரியும், அவர் இறந்துவிட்டார் என்று. தெரிந்துதான் கத்தினேன். பெண்கள் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை அழுதுகொண்டே போட்டாள். எல்லாரும் போட்டார்கள். நான் போடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் தையல் கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் ரேவதி மேடம் போன் செய்தார். அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சேலத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட்கள் சங்கம் ஒரு கூட்டம் போடுகிறதாம். விழுங்கும் சோதனையைக் கேமரா வைத்துச் செய்ய அவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்கப் போகிறார்களாம். குடும்பத்தில் ஒருவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார்.

அம்மா வேண்டாம் என்றாள். "அவங்க அவங்க சண்டைக்கு உங்கப்பன் பொணத்தத் தூக்கிக்கினு போறியா?"

"இன்னொருத்தருக்கு இப்பிடி ஆவக்கூடாதும்மா."

"ஆவட்டும். நமக்கு ஆனப்ப எவன் வந்தான்?"

ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. அந்தச் சோதனை நடந்திருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று மைக்கில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் சொல்லவில்லை என்றால் நானாவது சொல்ல வேண்டும்.

ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். குளிரூட்டிய அறை, தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். அவர்கள் ஆட்கள் பேசினார்கள். நாங்கள் இதற்கென்றே படிக்கிறோம், வெளிநாடுகளில் நாங்கள்தான் செய்கிறோம், இங்கே எங்கள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஒரு ஈ.என்.டி. டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். வேறு ஊர்க்காரர். மூக்கில் ரத்தம் வரலாம், தொண்டை இறுகி மூச்சு நிற்கலாம், அப்போது டாக்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்தான். பக்கத்தில் இருங்கள் என்றுதானே அன்றைக்கு வராந்தாவில் மேடம் கேட்டார்?

இரண்டு பக்கமும் நோயாளியின் பாதுகாப்பு, நோயாளியின் பாதுகாப்பு என்று அடிக்கடி சொன்னார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நோயாளி என்ன சாப்பிட ஆசைப்பட்டார், எப்படி இறந்தார் என்று என் பக்கம் குனிந்து ஒருவரும் கேட்கவில்லை.

நான் பேசுவதற்கு முன் சங்கத்துப் பையன் ஒருவன் போனில் வீடியோ எடுக்கத் தயாராக வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, வராந்தால சண்டை போட்டாங்கல்ல, அது வரைக்கும் சொல்லுங்க. அப்புறம் டெஸ்ட் ஒழுங்கா பண்ணலைன்னு சொல்லுங்க. படிக்கட்டுல மேடம்கிட்ட கேட்டது வேணாம்க்கா. அது நம்ம கேஸ வீக்காக்கிடும்."

படிக்கட்டில் நான் கேட்டது இவனுக்கு எப்படித் தெரியும்? மேடம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி வருத்தப்பட்டிருப்பார். வருத்தப்பட்டதை இவர்கள் வெட்டி எடுக்கப் பார்த்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்தேன். நடந்ததை நடந்த மாதிரியே சொன்னேன். கடைசியில் இப்படிச் சொன்னேன்:

"இவங்களுக்கு அந்த வேலையக் குடுங்க. தெரிஞ்சவங்க செய்யட்டும். டாக்டரு பக்கத்துல நிக்கட்டும், ஒண்ணும் கொறஞ்சிடாது. ஆனா குடுக்கலன்னாலும் நீங்க வாயத் தொறந்து சொல்லணுங்க. மேடம்கிட்ட நான் கேட்டன். ஊட்டலாமா வேணாமான்னு. அவங்களுக்குத் தெரியும். சொல்லல. எங்கப்பாவக் காப்பாத்த உங்க உரிமை வேணாங்க. 'வேணாம்மா, ஊட்டாத'ன்னு ஒரு வார்த்த போதும். அதுக்கு எந்த கவர்மெண்ட்டு ஆர்டரு வேணும்?"

ரேவதி மேடம் மூன்றாவது வரிசையில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் கை தட்டினார்கள். டாக்டரும் தட்டினார். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது மேடம் ஓடி வந்தார். "நீ சொன்னது சரிதான் கோகிலா. அன்னிக்கு வேல போயிடும்னு பயந்துட்டேன். வூட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"தெரியுதுங்க மேடம்."

"என்ன மன்னிச்சிடு."

அவர் நல்லவர்தான். எதுவும் தெரியாமல் அப்பாவுக்குக் கெடுதல் செய்தவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்தைவிட, தெரிந்திருந்த அவர் மேல் வரும் கோபம் அதிகம். இது நியாயமா என்று கேட்டால் தெரியாது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பிறகு அந்த வீடியோவைத் தையல் கடையில் ஒரு பெண் போனில் காட்டினாள். "அக்கா, உன்ன டிவில காட்டுற மாதிரி காட்டுறாங்க." நான் பேசுகிறேன். "தெரிஞ்சவங்க செய்யட்டும்" என்று சொல்வதோடு முடிகிறது. அடியில் அவர்கள் சங்கத்தின் கோரிக்கை ஓடுகிறது. மீதியை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் மீதியை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், குழாயை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். விழுங்கும்போது பார்த்தீர்களா, அல்லது தொண்டையை மட்டும் பார்த்தீர்களா? பார்த்தது யார், குடிக்க என்ன கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். இருமல் இல்லை என்பதை நம்பிவிடாதீர்கள். சாப்பிட்டபின் குரல் கொளகொளத்தாலோ, சாயங்காலக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ, ஊசியோடு நிற்காமல் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் கையில் இருப்பதை வாங்கி ஓரமாக வையுங்கள், அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். யாராவது "நான் கருத்து சொல்லக்கூடாது" என்று சொன்னால், அவரிடம் ஒரு கருத்து இருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்காமல் படியிறங்க விடாதீர்கள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தைக்கிறேன். ஆனால் விழுங்குவது எனக்குள் தானாக நடப்பது நின்றுபோய்விட்டது. ஒவ்வொரு வாயையும் கூடவே போய்க் கவனிக்கிறேன். விழுங்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். எல்லாருக்கும் நிற்குமாம். ஒரு கணம்தான். அது இருப்பது தெரியாமல் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது அது தெரிகிறது. அந்த ஒரு கணம் எனக்கு நீளமாக இருக்கிறது. ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் கடை திறந்துவிடும், அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மா சமையல்கட்டிலிருந்து கத்துவாள், "டீய குடிக்கிறியா, தவம் பண்றியா?" நான் பதில் சொல்வதில்லை. வாயில் டீ இருக்கிறது. மூச்சை விட்டு, நிறுத்தி, விழுங்குகிறேன். பிறகு மூச்சு திரும்பி வருகிறதா என்று காத்திருக்கிறேன்.